முழுகினால்தான் மருமகளா?

எங்கள் விரிஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் சிலர், இப்போதெல்லாம் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பொண்ணு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டாளா?"

கைக்குழந்தையாக இருந்தபோது சி.எஸ்.ஐ. கோயிலில் கொடுத்த ஞானஸ்நானம் கணக்கில் இல்லையாம். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போய், பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்றதும் கணக்கில் இல்லையாம். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க சபையில வந்து முழுகிடணும் என்று நிபந்தனை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பத்திரிகை அடித்த பிறகு இப்படித் தொட்டியில் இறங்கினாள். "மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, இனி என்னம்மா செய்யறது?" என்றார் அவள் அம்மா. மாப்பிள்ளையை யாரும் எதுவும் கேட்கவில்லை!

தோழியரே, முழுக்கு ஞானஸ்நானத்தை நான் குறை சொல்லவில்லை. விவரம் தெரிந்து, மனசார விசுவாசித்து எடுக்க வேண்டும் என்பது அவர்கள் போதனை. அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் போதனைப்படியே பார்த்தாலும், மாமியார் சொன்னதற்காகவும் கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயத்துக்காகவும் முழுகுவது எப்படி விசுவாசமாகும்?

தண்ணீரின் அளவும் அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆதித் திருச்சபைக் காலத்து 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்ற நூல், ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள், அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடுங்கள், அதற்கும் வழியில்லை என்றால் தலையில் மூன்று தரம் ஊற்றுங்கள் என்கிறது. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் நம்ம பாலாற்றைப் பார்த்து எழுதினது மாதிரி இருக்கிறது!

1982-ல் பெரு நாட்டு லிமா நகரில் கூடிய உலகத் திருச்சபை மன்றத்தின் குழு, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாத ஒன்று என்று எழுதி வைத்தது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் அந்த மன்றத்தில் இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் இந்த இழுபறி தீரவில்லை. பெரியவர்களுக்கே தீராத வழக்கில், நடுவில் மாட்டிக்கொள்கிறவள் கல்யாணப் பெண்.

ஞானஸ்நானம் என்றாலே எனக்கு கிளாரிந்தா அம்மையார் ஞாபகம்தான் வரும். தஞ்சாவூர்ப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தபோது ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாத வாழ்க்கை என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். ஆனாலும் அம்மையார் விசுவாசத்தை விடவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் பாளையங்கோட்டையில் அதே ஐயர் கையால் பெற்றார். 1780-ல் அங்கே சபைப் பதிவேடு எழுதியபோது 40 பேர் இருந்தார்கள். 1785-ல் அம்மையார் முயற்சியால் கட்டின கோயிலை இன்றும் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்கிறார்கள். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்ததைத்தான் பேசுகிறோம்.

எங்கள் ஊர் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் கார்த்திகைக் கடை ஞாயிறுக்குப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் குளத்தில் முழுகி, ஈரச் சேலையோடு படுத்து வேண்டிக்கொள்வார்கள். அவர்கள் நம்பிக்கை வேறு, எங்கள் நம்பிக்கை வேறு. ஆனால் மனசு இல்லாமல் முழுகினால் சேலைதான் நனையும் என்பது எல்லோருக்கும் பொது.

பழைய வாழ்க்கைக்குச் செத்து, கிறிஸ்துவோடு புதிதாக எழுந்திருப்பதுதான் ஞானஸ்நானம் என்று ரோமருக்கு எழுதின நிருபத்தில் பவுல் விளக்குகிறார். அப்படியானால் அது அன்றாடம் வாழ வேண்டியது. வேலைக்காரம்மாவைத் தனி டம்ளரில் காபி குடிக்க வைக்கிற வீட்டில், எத்தனை தரம் முழுகி என்ன பிரயோஜனம்?

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பேச்சைப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். குழந்தைக்காக அன்று ஆயர் முன்னால் நீங்களும் ஞானத்தாய் தகப்பனும் கொடுத்த வாக்கு என்ன என்று மகளுக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல் அவளாக விரும்பி முழுகினால் சந்தோஷம். விரும்பவில்லை என்றால், அவளுக்காக வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

— ஒரு வாசகி, விரிஞ்சிபுரம்