பனிக்காலத்துக்கு ஒரு பழைய கார்

மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதையும் பனி என்கிறோம். பிப்ரவரியில் டொராண்டோவின் சாலையோரங்களில் குவிந்து கிடப்பதையும் பனி என்றே சொல்கிறோம். முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுதை வகுத்த நம் முன்னோருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. இங்கே தினமும் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவருக்குத் தேவைப்படுகிறது. புதிதாய்ப் பெய்த தூள்பனி வேறு. உப்பில் கரைந்து கூழான பனி வேறு. தார்ச்சாலையின் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் பனிக்கட்டிப் படலம் வேறு. வெப்பநாட்டிலிருந்து வந்து, கைச்சேமிப்பைக் கொண்டு முதன்முதலாகப் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கும் நம்மவர்கள், இந்த வேறுபாட்டை வாங்கிய பிறகுதான் கற்கிறார்கள் என்பதே நமது வருத்தம்.

கார் பார்க்கப் போகும்போது நாம் கவனிப்பவை மூன்று: ஓடிய கிலோமீட்டர், பெயிண்டின் பளபளப்பு, நிறுவனத்தின் பெயர். பனிக்காலம் என்றதும் நான்காவதாக ஆல் வீல் டிரைவ் சேர்ந்துகொள்கிறது. அது இருந்தால் பயமில்லை என்ற நம்பிக்கை பரவலானது. அது பாதி உண்மைதான். நான்கு சக்கரங்களும் இழுத்தால் கார் எளிதாகக் கிளம்பும், மேட்டில் ஏறும். ஆனால் பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்கு அது உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. சாலையைப் பற்றிக்கொள்ள வேண்டியது டயர்தான். ஏறக்குறைய 7 பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடுகிறது. குளிர்கால டயரின் ரப்பரோ இளக்கமாகவே இருக்கிறது. மூன்று சிகரங்களுக்குள் ஒரு பனித்துகள் வரைந்த முத்திரையே அதன் அடையாளம்.

கியூபெக் மாகாணம் இதை 2008 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் அவற்றைப் பூட்டியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் சலுகை தர வேண்டும் என்ற விதி 2016 முதல் உண்டு. கட்டாயமில்லை என்பதைத் தேவையில்லை என்று நாம் பொருள்கொள்வதுதான் பிழை. தேய்ந்த டயரில் உருளும் ஆல் வீல் டிரைவ் காரைவிட, நல்ல குளிர்கால டயர் பூட்டிய சாதாரண முன்சக்கர இழுவைக் கொரோலா மேல் என்போம்.

அடுத்தது துரு. சாலையில் தூவும் உப்பு பனியை உருக்குகிறது. காரின் அடிப்பாகத்தையும் அரிக்கிறது. முதல் ஆண்டில் நாங்கள் வாங்கிய காரின் அடிப்பகுதிக்குப் புதிதாய்க் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தோம். அந்தப் பூச்சு எதை மறைத்தது என்பது அடுத்த பிப்ரவரியில் தெரிந்தது. பிரேக் எண்ணெய் செல்லும் இரும்புக் குழாய் துருவேறி வெடித்து, மிதித்த பெடல் தரைவரை போயிற்று. ஆளற்ற வாகன நிறுத்தத்தில், நடை வேகத்தில் நிகழ்ந்ததால் பிழைத்தோம். பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தார்கள்.

ஒன்டாரியோவில் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது 36 நாட்களுக்கே செல்லும். சோதித்த அன்று குறைந்தபட்சத் தரம் இருந்தது என்பதற்கு மேல் எதற்கும் உத்தரவாதமில்லை. எனவே விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைத் தூக்கிவைத்து அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்வதே சரி. அதற்கு இசையாதவரிடம் வாங்காதிருப்பது நலம். நாம் போகும்முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம். குளிரில் கிடந்த கார் எப்படிக் கிளம்புகிறது என்பதில் பேட்டரியின் நிலை தெரிந்துவிடும்.

வளைவில் சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் பிடித்துக் காரை நேர்ப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், கனடாவில் புதிய கார்களுக்கு 2011 செப்டம்பர் முதல் கட்டாயமாயிற்று. 2012 மாடலுக்கு முந்தைய கார் என்றால் அது இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். இந்தக் கேள்வி இனியும் தேவைப்படும். நிசான் மைக்ரா 2019 மாடலோடும், ஹோண்டா ஃபிட் 2020 மாடலோடும் கனடாவில் நின்றுவிட்டன. சிறிய கார் வேண்டுவோருக்குப் பழையதே கதி என்ற நிலை நெருங்குகிறது. அந்தப் பழையவையும் ஆண்டுதோறும் முதுமையடைகின்றன.

ஆகவே கையிலுள்ள பணத்தில் நான்கு டயர்களுக்கும் ஒரு மெக்கானிக்கின் கூலிக்கும் முதலில் எடுத்துவைத்துவிட்டு, மீதியில் கார் தேடுவோம். அந்த மீதிக்குக் கிடைப்பது ஓரிரு ஆண்டு பழையதாக இருக்கலாம். கதவில் கீறல் இருக்கலாம். விருந்துக்கு வருகிறவர்கள் அந்தக் கீறலைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.