தடித்த தங்கூஸ் என்னும் மூடநம்பிக்கை

ஓட்டமான தண்ணீரில் கரையில் நின்று தூண்டில் போட நரம்பு தடியாக இருக்க வேண்டும், கோல் நீளமாக இருக்க வேண்டும், ஈயம் கனமாக இருக்க வேண்டும். தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் இந்த மூன்றையும் மந்திரம் போல ஓதுகிறார்கள். வாங்குகிறவர்களும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டும் முழுப் பிசகு, மூன்றாவது பாதிப் பிசகு. இதனால் பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆளே போவதும் உண்டு. அதனால்தான் இவ்வளவு காரமாக எழுதுகிறேன்.

செம்மநத்தத்தில் உட்கார்ந்துகொண்டு ஆற்று மீனைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம் மலையில் ஓடுகிற தண்ணீர் என்றால் மழைக்கால ஓடைகள்தான்; ஏற்காடு ஏரியில் இருப்பது நிற்கிற தண்ணீர். ஆனால் காப்பிப் பழம் எடுத்து முடிந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் நம் பிள்ளைகள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மேட்டூருக்கும் பூலாம்பட்டிக்கும் தூண்டிலோடு போகிறார்கள். ஓய்வூதியம் வாங்கும் நம் வயதுக்காரர்கள் சிலரும் பேரப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும், நல்ல பொழுதுபோக்குதான். கையில் எதைக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் என் சண்டை.

இந்தத் தடித்த நரம்புப் பைத்தியம் எங்கிருந்து வந்தது? பாதி கடைக்காரர்களிடமிருந்து. மீதிப் பாதி, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருகிற பெட்டியிலிருந்து. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் 'ஸ்டிரைப்டு பாஸ்' என்று உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும் மீன் ஒன்று உண்டு. அதைக் கரையிலிருந்து பிடிப்பதற்குப் பேர்போன இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கால்வாய். 1914இல் திறந்தது, நீளம் ஏறக்குறைய 7 மைல். கடல் ஏறும்போது ஒரு பக்கமும் வடியும்போது மறுபக்கமும் உச்சத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 மைல் வேகம் வரை அதில் தண்ணீர் ஓடும். கரை நெடுகக் கல் அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் நின்று 100 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள பொய் இரையை நடுக்கால்வாய்க்கு வீசுவார்கள். அந்தத் தண்ணீருக்கு அந்தக் கோல் சரி. அதைத் தூக்கிவந்து நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைக்குக் கீழே பாறை இடுக்கில் வீசினால் அது என்ன செய்யும்? பாறையைத்தான் பிடிக்கும்.

அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் மெல்லிய பின்னல் நரம்புதான். இங்கே வந்து சேருகிறபோது அந்த விவரம் மட்டும் கப்பலிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். வாழ்நாளெல்லாம் குமாஸ்தாவாகக் கூட்டிக் கழித்தவனுக்கு வேறு என்ன தெரியும்? தண்ணீருக்குள் 30 மீட்டர் நரம்பு ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் விநாடிக்கு 1 மீட்டர், அதாவது நாம் நிதானமாக நடக்கிற வேகம். நரம்பின் கனம் 0.60 மில்லிமீட்டர் என்றால் தண்ணீர் அதன் மேல் தள்ளும் விசை ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமம். அதையே 0.30 மில்லிமீட்டராக்கினால் விசை சரிபாதி. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்காகும். ஆக, ஓட்டம் கூடக் கூட நரம்பு மெலிய வேண்டும். கடைக்காரர் சொல்வது இதற்கு நேர் எதிர்.

இந்த இழுப்பு முழுவதும் ஈயத்தின் தலையில் விழாது, ஒரு பங்கைக் கோல் தாங்கும். இருந்தாலும் 100 கிராம் ஈயம் அரைக் கிலோ இழுப்பை எப்படித் தாங்கும்? நகரும். நகர்ந்தால் கல்லில் மாட்டும். உடனே கடைக்காரர் 200 கிராம் ஈயத்தை எடுத்து நீட்டுகிறார். அதை வீச இன்னும் தடித்த நரம்பு, அந்த நரம்பைச் சுற்ற இன்னும் பெரிய ரீல், அந்த ரீலைத் தாங்க இன்னும் நீளக் கோல். கந்துவட்டி போல ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கிறது. எல்லாம் ஆரம்பித்தது தடித்த நரம்பில்.

ஈயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. 100 கிராம் கருங்கல்லைத் தண்ணீரில் போட்டால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஈயத்தில் குறைவது 9 கிராம்தான். அதனால்தான் மூன்றாவது மந்திரத்தைப் பாதிப் பிசகு என்றேன். ஆனால் எடையைவிட வடிவம் பெரிது. உருண்டை ஈயம் ஓட்டத்தில் கோலிக்குண்டு போல உருளும். மணலான இடத்தில் தட்டை ஈயமோ, கூம்பு வடிவ ஈயமோ, கம்பிக் கால் வைத்த ஈயமோ மணலில் ஊன்றி நிற்கும். பாறையான இடத்தில் கம்பிக் கால் வைத்த ஈயத்தைப் போடுகிறவர் ஈய வியாபாரிக்குத்தான் உதவி செய்கிறார். அங்கே சாதாரண நீள ஈயம் போதும். அதையும் பிரதான நரம்பைவிட மெல்லிய ஒரு துண்டு நரம்பால் கட்ட வேண்டும். ஈயம் பாறையில் சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறுந்து ஈயம் போகும். நரம்பும் முள்ளும் மீனும் திரும்பி வரும்.

வீசுகிற விதமும் உண்டு. நேராகக் குறுக்கே வீசாமல் கொஞ்சம் மேலோட்டமாக வீசி, ஈயம் அடியைத் தொட்ட பிறகு இன்னும் சில மீட்டர் நரம்பை விட்டுக்கொடுங்கள். நரம்பு கீழ்ப்பக்கமாக வில் போல வளையும். இழுப்பு அடியை ஒட்டிப் போவதால் ஈயம் தூக்கிக்கொள்ளாமல் ஊன்றிக்கொள்ளும். கோலின் நுனியை உயர்த்திப் பிடித்தால் தண்ணீருக்குள் கிடக்கிற நரம்பு குறையும். காசு செலவில்லாத இந்த வித்தைகளைக் கடைக்காரர் ஏன் சொல்லப் போகிறார்?

இனி நீளக் கோல். நடு ஆற்றுக்கு வீச வேண்டும் என்பதற்காகத்தானே 12 அடிக் கோல்? மீன் நடு ஓட்டத்தில் நின்று நாளெல்லாம் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருக்க அதற்கென்ன பைத்தியமா? பாறையின் பின்னால், கரை வளைவில், மடுவின் விளிம்பில், ஓட்டமும் தேக்கமும் உரசுகிற கோட்டை ஒட்டி அது நிற்கும். ஓட்டம் அடித்துக்கொண்டு வருகிற சின்ன மீனை எட்டிக் கவ்விவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளிக்கூடம். பிரான்சில் நம் கொடுவாவைப் போல வேட்டையாடும் கடல் மீன் ஒன்றை 'பார்' என்பார்கள். தெற்கே மத்தியதரைக் கடல் ஓரத்தில் அதற்கே 'லூ' என்று பெயர். லூ என்றால் ஓநாய். ஓநாய் காட்டு ஓரத்தில்தான் பதுங்கும். பல இடங்களில் அந்த ஓரம் உங்கள் காலிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டரில் இருக்கிறது. அதைத் தாண்டி அறுபது மீட்டர் வீசிவிட்டு, மீனே இல்லை என்று ஆற்றைத் திட்டுவதில் என்ன பயன்? ஏழு எட்டு அடிக் கோல் தாராளம்.

காரைக்காலில் அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தையும் இதற்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறேன். அந்தக் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனாலும் வாய் குறுகலாக இருப்பதால் வடிகிறபோது தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். கொடுவா அந்த இழுப்பின் ஓரத்தில்தான் காத்திருக்கும். அங்கே கைத்தூண்டில் போடுகிறவர்களிடம் கோலே கிடையாது. ஒரு கட்டையில் சுற்றிய தங்கூஸ், ஒரு ஈயம், ஒரு முள். நாலாயிரம் ரூபாய்க் கோல் பக்கத்தில் வெறுமனே நிற்க, அவர்கள் மீனோடு வீடு போவார்கள். இதில் மாயம் எதுவும் இல்லை, எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

தடிமன் எங்குமே வேண்டாமா என்றால், ஒரே இடத்தில் வேண்டும். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல இருக்கும். திரும்புகிறபோது மெல்லிய நரம்பை அறுத்துவிடும். ஆகவே முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் இரண்டு முழத்துக்குத் தடித்த நரம்பு வையுங்கள். அந்தக் கொஞ்ச நீளத்தில் ஓட்டத்தின் இழுப்பு பெரிதாகச் சேராது. அதற்குப் பின்னால் பாறைப் பகுதிக்கு 0.35 மில்லிமீட்டர் தங்கூஸ், மணல் முகத்துவாரத்துக்கு 0.20 முதல் 0.25 வரை பின்னல் நரம்பு. பின்னல் நரம்பு பாறையில் உரசினால் சீக்கிரம் பிய்ந்துவிடும். அதனால்தான் காவிரிக்குத் தங்கூஸ் என்கிறேன்.

"பெரிய மீன் விழுந்தால் அறுத்துக்கொண்டு போய்விடாதா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 10 கிலோ மீன் தண்ணீருக்குள் 10 கிலோ கனக்காது. நரம்பில் விழுவது அதன் இழுப்பு. அந்த இழுப்பை விட்டுக்கொடுக்கத்தான் ரீலில் பிரேக் வைத்திருக்கிறார்கள். பழைய பேப்பர்க்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பாருங்கள். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் ரீல் வழுக்கிக் கொடுக்க வேண்டும். மீன் மாட்டிய பிறகு அதை எதிரோட்டத்தில் இழுக்காமல் நீங்கள் கரையோரமாகக் கீழே நடந்து போய்த் தேக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கீழே நடக்க வழியில்லாத இடத்தில் தூண்டில் போடவே கூடாது. 1946இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு மகசீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார். இன்று நம் கடையில் விற்கிற பின்னல் நரம்பு அன்றைக்கு உலகத்திலேயே கிடையாது. (காவிரியின் அந்தத் திமில் மகசீர் இன்று அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் சர்வதேசப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தப்பித்தவறி மாட்டினால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.)

கடைசியாக, நான் காரமாக எழுதியதற்கான காரணம். 40 கிலோ தாங்கும் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். சிலர் இடுப்பிலேயே கட்டிக்கொள்கிறார்கள். மிதந்து வரும் மரக்கிளையோ ஆகாயத்தாமரைக் குவியலோ அந்த நரம்பில் மாட்டினால் என்ன ஆகும்? நரம்பு அறாது, ஆள்தான் வழுக்குவார். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். மதகு திறப்பதையும் மின் நிலையம் ஓட்டுவதையும் நம்மைக் கேட்டுக்கொண்டு செய்ய மாட்டார்கள். 2018 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவ்வளவு வேண்டாம், முழங்கால் அளவு கூடினாலே எழுபது வயதுக் கால் நிற்காது.

பாறையில் சிக்கியதைப் பிடுங்க முடியாமல் அப்படியே வெட்டிவிட்டு வருகிற தடித்த தங்கூஸ் வேறு இருக்கிறது. அது மட்காமல் பல வருஷம் கிடந்து நீர்க்காகத்தின் காலையும் ஆமையின் கழுத்தையும் இறுக்கும். மெல்லிய நரம்பும் அதற்கென்றே கட்டிய பலவீனமான முடிச்சும் இருந்தால் எங்கே அறும் என்பது நம் கையில் இருக்கும். நல்ல தூண்டிலுக்கு இலக்கணமே அதுதான்: எந்த இடத்தில் அறுந்து போக வேண்டும் என்று போட்டவன் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஆகவே சாமான் வாங்கப் போகிறவர்கள் தலைகீழாக வாங்குங்கள். முதலில் முள், கூர் பார்த்து. பிறகு முன் நரம்பு, பிறகு மெல்லிய பிரதான நரம்பு. போகிற இடம் மணலா பாறையா என்று கேட்டு ஈயம். அப்புறம் பிரேக் வழுவழுவென்று கொடுக்கிற ஒரு சின்ன ரீல். மிச்சக் காசில் கோல். கூடவே கழுத்தில் தொங்கவிட ஒரு சின்னக் கத்தி. "எத்தனை கிலோ தாங்கும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையிலிருந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.