கட்சிக்காரர் வருவாரா?

"எழுதுவதால் கட்சிக்காரர் வருவார்களா?" என்று வழக்கறிஞர் நண்பரொருவர் அண்மையில் கேட்டார். கேள்வியே பிழை என்பது என் கட்சி.

வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதை இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி தடுக்கிறது. 2008இல் வந்த திருத்தம், பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, தொழில் துறை போன்ற சில விவரங்களை மட்டும் இணையத்தில் தர இடமளித்தது. அமெரிக்காவிலோ 1977இலேயே பேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் விளம்பரத்துக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு வழங்கிவிட்டது.

நம் விதியைச் சாக்காகக் கொண்டு பலர் பேனாவைத் தொடுவதேயில்லை. வேறு சிலர் கூலிக்கு ஆளமர்த்திக் கட்டுரை எழுதுவித்துத் தம் பெயரில் வெளியிடுகிறார்கள். கடைசி வரியில் தவறாமல் தொலைபேசி எண் இருக்கும். முன்னது சோம்பல், பின்னது கட்டுரை வேடம் பூண்ட விளம்பரம். இரண்டையும் எழுத்தென்று ஒப்புக்கொள்வதற்கில்லை.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்காகவே நாம் நினைவுகூர்கிறோம். அவர் 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாகவும் தந்தவர். நீதிபதிக்கு ஏது கட்சிக்காரர்? ஆங்கிலம் அறியாதவருக்கும் தீர்ப்பின் நியாயம் எட்டியது. அந்நூலின் வருமானம் அதுதான்.

"எழுதும் நேரத்துக்கு யார் பணம் தருவார்கள்?" என்பார் நண்பர். நியாயமான கேள்வி. ஆனால் இதையும் எண்ணிப் பார்க்கட்டும். உயிலை, எழுதியவர் உயிருள்ளவரை மாற்றிக்கொள்ளலாம். செட்டில்மெண்ட் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், பொதுவாக, அப்படித் தம் விருப்பம்போல் ரத்து செய்துவிட முடியாது. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் பிள்ளைகள் நீட்டிய இடத்தில் கையொப்பமிட்டு, தம் வீட்டிலேயே அயலாராகிப்போன முதியவர்கள் நம் ஊர்களில் உண்டு. இதை நல்ல தமிழில் விளக்க இரண்டு பக்கம் போதும். அதை எந்த விதியும் தடுக்கவில்லை.

அந்த இரண்டு பக்கத்தைப் படித்தவர் கட்சிக்காரராக வராமலே போகலாம். வர வேண்டிய அவசியம் இல்லாமல் போனதே அவ்வெழுத்தின் வெற்றி. அதை நட்டக் கணக்கில் எழுதுபவர், தயவுசெய்து, எழுத வேண்டாம்.