படத்திறப்பில் ஒரு பக்கம் வாசிப்போம்

நம் பேரூர்களில் ஒரு சாவு விழுந்தால், மறுநாள் காலையிலேயே பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்கிறது. படம், பெயர், தோற்றம், மறைவு, கீழே மக்கள் மருமக்கள் பேரன்மார் பெயர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் அந்த பேனர் யார் வீட்டுக் கூரைக்கோ, மாட்டுக் கொட்டகைக்கோ போய்விடுகிறது. அந்த மனிதரைப் பற்றிய எழுத்தும் அதோடு முடிந்துவிடுகிறது.

சேரித் தெருவின் பேனரைச் சற்று நின்று பாருங்கள். படம் பெரும்பாலும் ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருக்கும். பிறந்த தேதி தெரியாமல் ஆண்டை மட்டும் சொன்னவர்களுக்கு அட்டையில் விழுந்த நாள் அது. இறந்தவர் மூதாட்டி என்றால், ஊரார் அவரை இன்னாரின் அம்மா என்றே கூப்பிட்டிருப்பார்கள். அவருடைய சொந்தப் பெயரைப் பேரப்பிள்ளைகள் பேனரில்தான் முதல்முறையாகப் படிக்கிறார்கள்.

ஊர்த்தெருப் பெரியவர் போனால் அவர் பெயர் கிரயப் பத்திரத்தில் இருக்கும், கோயில் உபயப் பலகையில் இருக்கும், பள்ளிக்கூடச் சுவரில் நன்கொடையாளர் என்று இருக்கும். நம் பெரியவர்கள் ஏரிக்கு மண் சுமந்தார்கள், நாற்று நட்டார்கள், தெருவைக் கூட்டினார்கள், சாவுக்குச் சேதி சொல்லப் போனார்கள். எந்தப் பலகையிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் வாழ்க்கை அவர்கள் வாய்ச்சொல்லில்தான் இருந்தது. வாய் மூடியபின் எங்கே போய்த் தேடுவது?

இதில் நிலத்தின் கணக்கும் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-இல் கொடுத்த அறிக்கையின் விளைவாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்க, நிலம் கைமாறிப் போனது. அதைக் கேட்டு 1994-இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அன்று அந்தக் கூட்டத்தில் நின்ற இளைஞர்கள் இன்று முதியவர்கள்.

மீட்பு மனு எழுத உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். அது புல எண்ணைச் சொல்லும். அந்த எண் புளியமரத்து மேடா, ஓடைக்கரைக் கொல்லியா என்று சொல்லாது. எந்தப் பஞ்சத்தில் எத்தனை மரக்கால் நெல்லுக்காக அது கைவிட்டுப் போனது, யார் கைநாட்டு வைத்தார் என்பதும் அதில் இல்லை. அதெல்லாம் தெரிந்த கிழவி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாம் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது அவர் இல்லை.

எழுதி வைத்ததும் பத்திரமாக இருந்தால்தான் பயன். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார், 1914-இல் மறைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் பொதுவெளி அவரை மறந்தே இருந்தது. பழைய இதழ்களைச் சிலர் பொன்போலக் காத்து வைத்திருந்ததால்தான், 1999-இல் அவர் எழுத்துகள் தொகுப்பாக வந்தன. பண்டிதருக்கே இந்தக் கதி என்றால், நம் தெருத் தாத்தாவுக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம்.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் நாம் கேட்பது பெரிய ஆராய்ச்சி அல்ல. ஒரு நாற்பது பக்க நோட்டும் கையில் உள்ள போனும் போதும். உங்கள் பெயரை யார் வைத்தார்கள்? முதன்முதலில் எந்த வேலைக்குப் போனீர்கள், கூலி என்ன? பள்ளிக்கூடத்தில் எங்கே உட்கார வைத்தார்கள்? டீக்கடையில் எந்தக் கிளாஸில் கொடுத்தார்கள், அது எப்போது மாறியது, யார் மாற்றினார்கள்? எந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தீர்கள்? பட்ட அடியை மட்டும் கேட்காதீர்கள், சிரித்ததையும் கேளுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். ஒரு படி வீட்டிலும், ஒரு படி தெருவின் அம்பேத்கர் படிப்பகத்திலும் இருக்கட்டும்.

இறப்பு நேர்ந்த வீடுகளுக்கும் ஒரு சொல். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் இறப்பைப் பதிவு செய்யுங்கள். துக்கத்தில் அது தள்ளிப்போனால் வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் பிள்ளைகள்தான் அலைய வேண்டும்.

படத்திறப்பு அன்று தலைவர்கள் பேசட்டும், மாலை போடட்டும். அதற்கு முன் பேரனோ பேத்தியோ எழுந்து, அவர் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு பக்கம் வாசிக்கட்டும். அந்தப் பக்கத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதியாக வேண்டும். உங்கள் தெருவில் இன்று எல்லோரையும்விட மூத்தவர் யார்? இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.