டைட்டேனியத் தகடும் என் பழைய குறையும்



என் தமக்கையின் மகன் ஆறாம் ஆண்டில் பயின்றபோது, "கைவேலையில் பொழுதைக் கழிக்கிறான், படிப்பில் கருத்தில்லை" என்று தமக்கையிடம் குறைகூறியவன் நான்தான். இன்று அவன் வீட்டின் பின்புறப் பட்டறையில், கையால் செய்யப்படும் மடக்குக் கத்திகளுக்கான உறுப்புகளை டைட்டேனியத் தகட்டில் செய்து விற்கிறான். கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு நாள் முழுவதும் அவனருகில் அமர்ந்திருந்தேன்.

கத்தி என்றதும் பதற வேண்டா. வெட்டும் அலகு எஃகுதான். டைட்டேனியத்தில் கூர் நெடுநாள் நில்லாது. கைப்பிடியின் பக்கத் தகடுகளும், விரித்த அலகைத் தாங்கிப் பூட்டும் வில் போன்ற நாக்குமே டைட்டேனியம். எஃகைவிட மிக இலேசு, துருவும் ஏறாது.

அவன் வாங்குவது 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த வகை. இது வெப்பத்தை எளிதில் கடத்தாது. துளையிடும்போது எழும் சூடு தகட்டில் பரவாமல் துளைக்கருவியின் முனையிலேயே தங்கி, முனையைக் கெடுத்துவிடும். ஆகவே சாதாரண எஃகுக்குரிய வேகத்தில் பாதிக்கும் குறைவாகச் சுழற்றுகிறான். குளிர்விக்க எண்ணெய் இடுகிறான். ஆனால் அழுத்தத்தை மட்டும் தளர்த்துவதில்லை. "தயங்கித் தேய்த்தால் அந்த இடம் இறுகிப் போகும் மாமா, அப்புறம் முனை இறங்காது" என்றான். மேசையடியில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருந்தது. டைட்டேனியப் பொடி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாதாம்; தீ இன்னும் சீறுமாம்.

இவனையா படிப்பில் கருத்தில்லாதவன் என்றேன்? ஒவ்வொரு செயலுக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவனுக்குப் படிப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? தேர்வில் தேறாதவர்க்கே பட்டறை என்று ஒதுக்கும் பழக்கம் பெற்றோரிடம் மட்டுமில்லை, நம்மிடமும் உண்டு. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையைக் கணிதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட நாள்கள் எனக்கும் பல. அதை நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்த வேண்டும் என்றே கேட்கிறேன்.

புறப்படும்போது சில துண்டுத் தகடுகளைக் கொடுத்தான். கரைசலில் அமிழ்த்தி, ஏறத்தாழ 30 வோல்ட் மின்சாரம் செலுத்தியது நீலம். 60 வோல்ட் அளவில் செலுத்தியது பொன்மஞ்சள். சாயம் ஒரு துளியும் இல்லை. மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி, சோப்புக் குமிழியில் போல, நிறம் காட்டுகிறது. திங்கட்கிழமை வகுப்பில் காட்டினேன். வழக்கமாகக் கடைசி வரிசையில் உறங்கும் மாணவன் எழுந்து வந்து, "ஐயா, 45 வோல்ட் என்றால் என்ன நிறம்?" என்றான்.