எதிர்க்கரையின் வழக்கு

2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியப் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்துக் கற்கோயில்களினூடே உலவி உரையாடிய காட்சி நம் வாசகர்கள் நினைவில் இருக்கும். அப்பகுதியின் கல்லூரிகளில் ஆரவாரமின்றி வேறொரு வகை அரசதந்திரமும் பயிலப்பட்டு வருகின்றது. ‘மாதிரி ஐ.நா.’ என்பது அதன் பெயர். ஐ.நா. தோன்றுமுன்பே, சர்வதேச சங்கத்தைப் பாவித்து அமெரிக்க மாணவர் நடத்திய விவாதங்களிலிருந்து வளர்ந்த வழக்கம் இது.

ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டின் பிரதிநிதி. முன்னே அந்நாட்டின் பெயர்ப்பலகை. ‘நான்’ என்று பேசலாகாது. ‘எம் நாடு’ என்றே பேசவேண்டும். மேடைப் பேச்சைவிட, இடைவேளையில் தீர்மானத்துக்கு ஆதரவு திரட்டும் வேலையே கடினமானது என்பர்.

நாம் அறிந்த மாணவி ஒருத்தி, கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவள். அவ்வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதற்பெண். விவாதப் பொருள் பாக் நீரிணை மீன்பிடித் தகராறு. அவளுக்குக் கிடைத்த பலகையோ ‘இலங்கை’!

“நம் ஆட்களைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறவர்களுக்கா நீ வக்காலத்து வாங்கப் போகிறாய்?” என்று தந்தை சினந்தார். அவளுக்கும் மனம் ஒப்பவில்லை, விலகிவிடவே எண்ணினாள். ஆயினும் படிக்கத் தொடங்கினாள். 1974, 1976ஆம் ஆண்டுகளின் எல்லை ஒப்பந்தங்களைப் படித்தாள். போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லத் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவர், 2009க்குப்பின் தொழிலுக்குத் திரும்பியபோது, நம் விசைப்படகுகளின் இழுவைமடி தங்கள் வலைகளை அறுத்துச் செல்வதாக முறையிட்டதையும் படித்தாள். அவர்களும் தமிழரே, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் நம்மவரோடு ஒன்றாக மண்டியிடுவோரே. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது.

“அப்பா, நம் வலையை ஒருவன் அறுத்துவிட்டால் எத்தனை நாள் தொழில் கெடும்?” என்று ஒரு மாலை அவள் கேட்டாள். ஃபைபர் படகில் சிறுவலை கொண்டு செல்லும் அவர் உடனே விடை கூறவில்லை. பிறகு வலையின் விலை, கட்டும் கூலி, வட்டி என ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள்.

மன்றத்தில் ‘இந்தியா’வாக வந்த மாணவர் நம் மீனவரின் சிறைவாசத்தை உருக்கமாக எடுத்துரைத்தார். அதுவும் உண்மையே. அவளோ தந்தையின் கணக்கை மன்னார் மீனவனின் கணக்காக வாசித்தாள். 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற இந்திய அரசு 2017இல் வகுத்த திட்டத்தை விரைவுபடுத்துமாறு தீர்மானமும் கொணர்ந்தாள். அது தோற்றது. பரிசு, உரக்கப் பேசிய வேறொருவருக்குப் போயிற்று.

இம்மன்றங்களில் நமக்குக் குறையாகப் படுபவை சில உண்டு. ஆங்கிலம் ஒன்றே மொழி. கட்டணமோ ஏழை வீட்டுக்கு எட்டாதது. நம்மூர் வெயிலில் கோட்டும் டையும் வேறு! தமிழ்வழிப் பள்ளிகளிலும் இதைத் தமிழிலேயே நடத்தினால் என்ன?

தீர்மானம் தோற்றதைப் பற்றித் தந்தை ஒன்றும் வினவவில்லை. “அந்தக் கரையில் என்ன கண்ணி வலை போடுகிறார்களாம்?” என்று மட்டும் கேட்டார். மகளுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறாள்.