ஒரு மணி நேரப் பொய்

"சென்னையா? ஃப்ளைட்டுல ஒரு மணி நேரந்தானுங்க!"

வேலம்பாளையம் பனியன் கம்பெனிகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர் குறைவு. முதலாளி வாயிலிருந்து வந்துவிட்டால் அது சட்டம். "தம்பி, பத்து மணிக்கு மீட்டிங்கை முடிச்சுட்டு மூணு மணிக்கெல்லாம் கம்பெனிக்கு வந்துரு, சேம்பிள் பார்க்கோணும்" என்று மெர்ச்சண்டைசரை அனுப்பிவிடுவார். பாவம், அவன் ராத்திரி வந்து நின்றால், "ஒரு மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு நேரமா?" என்று ஒரு பார்வை!

அந்த ஒரு மணி நேரம் விமானத்தினுடையது ஐயா, பயணியினுடையது அல்ல.

பீளமேட்டிலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 400 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வகுத்தால் அரை மணிதான். ஆனால் அட்டவணையில் 1 மணி 10 நிமிடம் போல இருக்கும். ஓடுபாதை வரை ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குவது, நிற்குமிடம் வரை மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். விமானத்தின் கணக்கிலேயே பாதி நேரம் முழு வேகத்தில் பறப்பதில் இல்லை!

பயணியின் கணக்கு இன்னும் வேடிக்கை. மேப்பில் அந்த நேர்கோட்டை வரைந்து பாருங்கள், அவிநாசிக்கு மேலேயே போகும். கிழக்கே இருக்கிற சென்னைக்குப் போக, வேலம்பாளையத்துக்காரர் மேற்கே 40 கி.மீ. காரில் போய், விமானம் ஏறி, தன் ஊர்ப்பக்கமாகவே திரும்பிப் பறக்கிறார்!

கார் ஒரு மணி. கவுண்டர் மூடும் முன் போய்ச் சேர, சோதனை, காத்திருப்பு என்று ஒன்றரை மணி. விமானம் 1.10. இறங்கி வெளியே வர அரை மணி. மெட்ரோவில் சென்ட்ரல் போக முக்கால் மணி. கூட்டினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத், திருப்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஐந்தேகால் மணி நேரம் போல எடுக்கிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் போகும் அரை மணியைச் சேர்த்தாலும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

காஸ்டிங் தெரிந்த ஊர் இது. ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பைசா பைசாவாகக் கூட்டுகிறவர்கள். தையல் கூலியை மட்டும் காட்டி, "இதுதான் பீஸ் விலை" என்று பையர் சொன்னால் சும்மா விடுவார்களா? விமானம் என்றால் மட்டும் தையல் கூலியே முழு விலையாகிவிடுகிறது!

விமானமே வீண் என்பதல்ல வாதம். பிரிண்டிங்கில் ஸ்கிரீன் செலவு 100 பீஸுக்கும் அதேதான், 10,000 பீஸுக்கும் அதேதான். விமான நிலையத்தில் போகும் நேரமும் அப்படித்தான். டெல்லி சுமார் 1,950 கி.மீ., பெரிய ஆர்டர். ரயிலில் இரண்டு ராத்திரி போகிற தூரத்தில் இந்தச் செலவு கரைந்துவிடும். சென்னையோ நூறு பீஸ் ஆர்டர். ஸ்கிரீன் காசே லாபத்தைத் தின்றுவிடும்.

இதையெல்லாம் மெர்ச்சண்டைசரிடம் கேட்டால் சிரிப்பான். ராத்திரி சேரனிலோ நீலகிரியிலோ ஏறித் தூங்கினால் விடிகாலை சென்ட்ரல், பகல் முழுக்கக் கையில். ஆனால் முதலாளி மீட்டிங்கைச் சொல்வதே முந்தின நாள் மத்தியானம்தான். அதற்குள் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்.